ஜப்பானியர் கால வாழைமர நோட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பர்மாவிலும் வேர் விட்ட தமிழ்க் குடும்பங்களின் இரும்புப்பெட்டிகளில் இந்த நோட்டுகள் இன்னும் கிடக்கின்றன. நிலப் பத்திரங்களுக்கு நடுவில், சாமிப்படத்துக்குப் பின்னால், பழைய பாஸ்போர்ட் உறைக்குள் என்று எங்கெங்கோ இருந்து எடுத்து வந்து காட்டுகிறார்கள். ராணுவ ஆக்கிரமிப்புக் கால நோட்டுகளைச் சேர்ப்பவன் என்று தெரிந்தவுடன் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பிந்தைய பதில்கள் முந்தையவற்றைத் தொட்டுச் செல்கின்றன.

தாத்தாவின் பெட்டியில் வாழைமரம் போட்ட நோட்டு இருக்கிறது. இது எந்த நாட்டுப் பணம்?

மலாயாவை ஆக்கிரமித்த ஜப்பான் அங்கே புழங்கவிட்ட பணம் இது. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. நோட்டுகள் படையோடு கூடவே வந்தன. போர் தொடங்கும் முன்பே தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான நோட்டுகளை ஜப்பான் அச்சடித்துத் தயாராக வைத்திருந்தது. அவற்றை மலாயாவில் ஏற்கெனவே புழங்கிய பிரிட்டிஷ் கால டாலருக்குச் சமமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. 1942இல் ஜப்பான் தெற்கு மேம்பாட்டு வங்கி என்ற ஒன்றைத் தொடங்கி, பிறகு நோட்டு வெளியிடும் பொறுப்பையும் அதனிடம் கொடுத்தது.

பத்து டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் நிற்கிறது. அதனால் எல்லா மதிப்பு நோட்டுகளுக்குமே வாழைமர நோட்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மலாய்க்காரர்களுக்கு அது டுவிட் பீசாங்.

ஒரு கட்டே இருக்கிறது. வங்கியில் கொடுத்தால் மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்ததும், ஜப்பானிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டது. 1941 ஜூலை 1 என்று தேதியிட்ட, ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட மலாயா டாலர் நோட்டுகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. மூன்றரை ஆண்டு உழைத்துச் சேர்த்தது அந்த அறிவிப்போடு வெறும் தாளாகிவிட்டது. கூலியை நோட்டாகவே வாங்கி நோட்டாகவே பூட்டி வைத்திருந்தவர்களைத்தான் அது மிக மோசமாகத் தாக்கியது. நிலமோ நகையோ வாங்கிப் போட்டிருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

1948இல் வந்த ஒரு சட்டத்தைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன்களைத் தீர்ப்பதற்காக, ஜப்பானிய டாலரின் மதிப்பு காலம் செல்லச் செல்ல எப்படிக் குறைந்தது என்று ஓர் அட்டவணையை அது வகுத்தது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கணக்குக்காக வந்த சட்டம் அது. கையில் இருந்த நோட்டுக்குப் பணம் தரும் ஏற்பாடு அதில் கிடையாது.

நோட்டிலேயே "கேட்டவுடன் தருவதாக ஜப்பானிய அரசு உறுதியளிக்கிறது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறதே. ஜப்பானிடம் கேட்டால் என்ன?

கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹாங்காங்கில் புழங்கியது ராணுவ யென். முதலில் ஒரு யென்னுக்கு இரண்டு ஹாங்காங் டாலர் என்றும், 1942 ஜூலையிலிருந்து நான்கு டாலர் என்றும் வைத்து, மக்களிடமிருந்த டாலரை ஜப்பானியர் மாற்றிக்கொண்டார்கள். 1945 செப்டம்பர் 6 அன்று அந்த யென்னை ஜப்பான் நிதி அமைச்சகமே செல்லாது என்று அறிவித்தது. ஹாங்காங் மக்கள் சங்கமாகத் திரண்டு டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் ஈடு கேட்டார்கள். 1999 ஜூன் 17 அன்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

பிலிப்பைன்ஸில் 1953இல் ஜப்பானியப் போர் நோட்டு வைத்திருப்போர் சங்கம் ஒன்று உருவானது. அது அமெரிக்க அரசின் மீதே வழக்குப் போட்டது. 1967இல் அந்த வழக்கும் தள்ளுபடியானது. ஆகவே உங்கள் நோட்டுக்குப் பின்னால் எந்த அரசின் கஜானாவும் இல்லை. சேகரிப்பவர் ஒருவர் விரும்பிக் கொடுக்கும் விலைதான் அதற்கு உள்ள ஒரே விலை.

என்னிடம் இருப்பதில் வாழைமரமே இல்லை. மலாயா நோட்டுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலில் பணத்தின் பெயர். டாலர், செண்ட் என்றிருந்தால் மலாயா. ரூபாய் என்றிருந்தால் பர்மா. பெசோ, சென்டாவோ என்றால் பிலிப்பைன்ஸ். டச்சு மொழியில் கில்டர் என்றோ, பின்னால் வந்தவற்றில் ரூப்பியா என்றோ இருந்தால் இன்றைய இந்தோனேசியா. ஷில்லிங், பவுண்டு என்றால் நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கத்துக்கென்று தயாரித்த ஓசியானியா நோட்டு.

அடுத்து, நோட்டில் தனியாக அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்துகள். அவற்றில் முதல் எழுத்து நாட்டைக் காட்டும். எம் என்றால் மலாயா, ஓ என்றால் ஓசியானியா, எஸ் என்றால் அன்று டச்சு இந்தியத் தீவுகள் எனப்பட்ட இந்தோனேசியா. பர்மாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அந்தந்த நாட்டின் ஆங்கிலப் பெயரில் வரும் முதல் எழுத்தே குறி. செண்ட் நோட்டுகள் சிலவற்றில் இந்த எழுத்துகள் பின்னம்போல, மேலே ஒன்றும் சாய்கோட்டுக்குக் கீழே இரண்டுமாக இருக்கும். நாட்டைக் காட்டும் எழுத்து அங்கும் முதலில் இருப்பதுதான்.

எல்லா மதிப்பு நோட்டுகளிலும் என்னென்ன படங்கள் இருக்கின்றன?

மலாயாவுக்கு 1, 5, 10, 50 செண்ட், 1, 5, 10, 100, 1000 டாலர் நோட்டுகள் வந்தன. சிறிய செண்ட் நோட்டுகளில் படம் இல்லை. பின்னல் கோட்டு அலங்காரம் மட்டும். 50 செண்டில் விசிறிவாழை விரிந்து நிற்கிறது. ஒரு டாலரில் இடப்பக்கம் ஈரப்பலா, வலப்பக்கம் தென்னை. ஐந்து டாலரில் தென்னையும் பப்பாளியும். பத்து டாலரின் முன்பக்கம் நீலப்பச்சை நிறத்தில் பழமரங்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் தொடுவானத்தில் ஒரு கப்பல் தெரியும். ஆயிரம் டாலரில் மாட்டுவண்டி.

நூறு டாலருக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1944இல் வந்ததில் நீர்க்கரைக் குடிசையும் மரங்களும். 1945இல் வந்ததில் வலப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். தமிழ் வாசகர்கள் இந்த இரண்டாவது நோட்டை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மலாயாவின் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்கள் செய்த வேலையை நோட்டில் வரைந்து, அதே நோட்டை மதிப்பில்லாமல் போகும் அளவுக்கு அச்சடித்துத் தள்ளினார்கள். பூதக்கண்ணாடி வைத்து அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நோட்டில் வரிசை எண்ணே இல்லை. அப்படியானால் போலியா?

இல்லை. பெரும்பாலான வாழைமர நோட்டுகளில் வரிசை எண் கிடையாது. 1942இல் வந்த முதல் அச்சின் சில டாலர் நோட்டுகளில்தான் எழுத்துகளோடு எண்ணும் உண்டு. பிறகு எண் போடுவதையே விட்டுவிட்டார்கள். எழுத்துகள் மட்டும் மிஞ்சின. எத்தனை நோட்டு வெளியே போயிற்று என்று வெளியார் கணக்கிட முடியாத நிலை அதனால் வந்தது. போர் நீள நீள அச்சும் தாளும் தரம் இறங்கின. பொருள்கள் கிடைக்காமல் போக, நோட்டு மட்டும் குவிந்தது. விலைவாசி ஏறியது என்று சொல்வது போதாது. நோட்டைக் கொடுத்து அரிசி வாங்க முடியாமல், பொருளுக்குப் பொருள் என்ற பண்டமாற்றுக்கு மக்கள் போய்விட்டார்கள்.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. எண் உள்ள பத்து டாலர் நோட்டு, எண் இல்லாததைவிடப் பல மடங்கு அரிது. கட்டில் ஒன்றிரண்டு அப்படி ஒளிந்திருக்கலாம். விற்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.

எண்பது வருடம் பழையது, அதுவும் நூறு டாலர், ஆயிரம் டாலர்! பெரிய விலைக்குப் போகும்தானே?

பழமையும் முகமதிப்பும் விலையை நிர்ணயிப்பதில்லை. இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கின்றன என்ற மூன்றும்தான் நிர்ணயிக்கின்றன. எண் இல்லாத பத்து டாலரும், 1944 வடிவ நூறு டாலரும் உலகம் முழுவதும் ஏராளமாகக் கிடைக்கின்றன. போர் முடிந்தபோது புழக்கத்துக்கே போகாத கட்டுகள் கிடங்குகளில் இருந்தன. வீரர்கள் நினைவுப்பொருளாக அள்ளிக்கொண்டு போனார்கள். செல்லாத பணம் என்பதால் மாற்றிக்கொள்ளவும் வழியின்றி வீடுகளிலேயே தங்கிவிட்டது. நல்ல பணம் வங்கிக்குத் திரும்பி அழிக்கப்பட்டுவிடும். செல்லாத பணம் அழியாமல் கிடக்கும். இந்த நோட்டுகள் இத்தனை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நூறு டாலரைவிட, எண்ணோடு கூடிய ஒற்றை டாலர் நல்ல நிலையில் இருந்தால் அதிகம் பேர் கேட்பார்கள். "அரிய நோட்டு, லட்சக்கணக்கில் போகும்" என்று யாராவது ஆசை காட்டினால், அது எந்த எழுத்து, எண் உண்டா, எந்த ஆண்டு வடிவம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

அழுக்கும் மடிப்புமாக இருக்கிறது. மெதுவாகக் கழுவி இஸ்திரி போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கழுவினால் தாளின் உடம்பிலிருக்கும் பசை போய்விடும். நோட்டு துணிபோலத் துவண்டுவிடும். மை வெளிறும். இஸ்திரி போட்டால் மடிப்பு மறைவதுபோலத் தெரிந்தாலும், இழை உடைந்த கோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அப்படியே தெரியும். கூடவே, அச்சின் மேடுபள்ளம் நசுங்கி ஒரு செயற்கைப் பளபளப்பு வந்துவிடும். அனுபவமுள்ளவர் தொட்டவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது இன்னும் மோசம். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எடுக்க வழியில்லை. லேமினேஷன் செய்துவிட்டால் கதை முடிந்தது. கிழிசலோடும் கறையோடும் இருப்பதுதான் அந்த நோட்டின் உண்மையான முகம். தோட்டத்துத் தொழிலாளியின் மடியில் வியர்வை பட்டுப் பட்டுப் பழுத்த தாளை ஏன் புதிதாக்கிக் காட்ட வேண்டும்?

பிறகு எதில்தான் வைப்பது?

பாலியெஸ்டர் உறை. பி.வி.சி. என்ற நெகிழ்வான பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் நோட்டில் பிசுபிசுப்பாக ஒட்டும். கனமான புத்தகத்துக்குள் வைத்தால் தட்டையாக இருக்கும் என்பார்கள்; அந்தப் புத்தகத் தாளின் அமிலம் நோட்டுக்கு இறங்கும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வெயிலும் ஈரமும் படாத அலமாரியே போதும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை உள்ளே போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி தாளுக்கும் உறைக்கும் ஆகாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை வைத்து, அவ்வப்போது திறந்து பார்த்தால் சரி.

விற்பவர்கள் ஏதேதோ தரம் சொல்கிறார்கள். நாமாகவே எப்படி மதிப்பிடுவது?

உறையிலிருந்து எடுத்து, ஓரங்களைப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு மடிப்புக்கூட இல்லாமல், நான்கு முனையும் கூராக, புதுக்கருக்கு அழியாமல் இருந்தால் அதைத்தான் அன்சர்குலேட்டட் என்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு லேசான மடிப்பு என்றால் அதற்கு அடுத்த படி. இரண்டு மூன்று மடிப்பு, முனை சற்று மழுங்கல் என்றால் இன்னும் ஒரு படி கீழே. தாள் தளர்ந்து, ஓரம் பிய்ந்து, மடிப்புச் சந்தியில் ஊசித்துளை தெரிந்தால் கீழ்ப்படிகள். எண்ணிக்கை அதிகமுள்ள சாதாரண நோட்டுகளில் புதுக்கருக்கானதை மட்டும் வாங்குவது பலருடைய வழக்கம். அரிய எழுத்துகளில் நிலை சுமாராக இருந்தாலும் விடமாட்டார்கள்.

என் விருப்பம் வேறு. புழங்காத நோட்டு கிடங்கில் தூங்கியது. புழங்கிய நோட்டு சந்தைக்குப் போய் வந்தது. ஒவ்வொரு மதிப்பிலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன்.

இவ்வளவு மலிவானதை யார் போலியாக அச்சடிக்கப் போகிறார்கள்? பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப்பொருளாக விற்க அச்சடித்த நகல்கள் நிறைய உண்டு. காலப்போக்கில் அவை மூலம் என்ற பெயரில் கைமாறிவிடுகின்றன. ஆயிரம் டாலர், ஓசியானியா நோட்டுகள் போன்றவற்றில் இது அதிகம். நகல் என்ற ஆங்கிலச் சொல் எங்காவது பொடியாக அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில், மூல நோட்டின் கோடுகள் முழுக்கோடாக ஓடும். கணினி அச்சு நகலில் அதே கோடு பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். அடுத்து புறஊதா விளக்கு. போருக்குப் பிந்தைய தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பது வழக்கமாயிற்று. அவை அந்த விளக்கில் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். போர்க்காலத் தாள் மங்கலாகவே கிடக்க வேண்டும். ஆனால் சோப்புத்தூளில் கழுவிய மூல நோட்டும் ஒளிரும். கழுவ வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மங்கலான அச்சு, நிறம் கொஞ்சம் விலகல், மட்டமான தாள் ஆகியவற்றைப் பார்த்துப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். போரின் கடைசிக் கட்டத்தில் மூலமே அப்படித்தான் வந்தது.

போர் நடக்கும்போதே கள்ள நோட்டு அடித்தார்களாமே, அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு, நிபுணர் உறுதிப்படுத்தினால். மிக நன்றாகத் தெரிந்தது பிலிப்பைன்ஸ் கதை. அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் மக்கார்தர் கேட்டுக்கொண்டதன்பேரில், அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பு ஜப்பானிய பெசோவைப் போலவே அச்சடித்தது. ஜப்பானியருக்கு எதிராக இயங்கியவர்களின் செலவுக்கு அது போனது. அச்சடித்தவர்களுக்குப் பெரிய தலைவலி தாள்தான். கோசோ, மித்சுமாதா என்ற ஜப்பானியச் செடிகளின் நாரில் செய்த தாள் அது. அமெரிக்காவில் கையிருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அத்தனை கவனமாகச் செய்ததால், இன்று வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.

பிலிப்பைன்ஸ் நோட்டு ஒன்றில் ஏதோ சங்கத்தின் முத்திரை குத்தியிருக்கிறது. இன்னொன்றில் ஆங்கில வாசகம் அச்சடித்திருக்கிறது. யாராவது பாழாக்கியதா?

இரண்டும் வரலாறுதான். முத்திரை, மூன்றாம் கேள்வியில் சொன்ன அந்த 1953ஆம் ஆண்டுச் சங்கத்துடையது. ஈடு கிடைத்தால் பணம் வரும் என்ற நம்பிக்கையில் மக்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பதிவு செய்தார்கள். பதிவான நோட்டில் முத்திரை விழுந்தது. அத்தகையவை நிறையக் கிடைக்கின்றன, விலை அதிகமில்லை. ஆனால் ஏமாந்த மக்கள் கடைசிவரை விடாமல் கேட்டதற்கு அது கையடக்கச் சாட்சி.

ஆங்கில வாசகம், "கூட்டு வளமை மண்டலம்: அதன் மதிப்பு என்ன?" என்ற பொருள் தருவது. ஆசிய நாடுகளெல்லாம் ஜப்பான் தலைமையில் வளம் பெறும் என்ற பிரசாரத்துக்கு எதிராக, ஜப்பானின் நோட்டிலேயே அந்தக் கேள்வியை அச்சடித்து நேச நாட்டினர் பரப்பினார்கள். சாதாரண நோட்டின் மேல் கூடுதலாக ஒரு வரி அச்சடிப்பது யாருக்கும் எளிது. ஆகவே இதில் போலி மேலச்சுகள் மிக அதிகம். நோட்டு மூலமாக இருப்பதாலேயே வாசகமும் மூலமாகிவிடாது.

தாத்தா சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்தவர். இந்த நோட்டு அங்கே வாங்கிய கூலியாக இருக்குமா?

இந்தக் கேள்வியை எடுத்து வருபவர்களிடம் நான் அவசரமாகப் பதில் சொல்வதில்லை. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர்; 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

நோட்டைப் பொறுத்தவரை, தாய்லாந்து தன் சொந்த பாட் நோட்டையே வைத்திருந்தது. ஜப்பானிய ராணுவ நோட்டு அங்கே நாட்டுப் பணமாக ஆகவில்லை. பாதையின் பர்மாப் பகுதி என்றால் ரூபாய் நோட்டு. உங்களிடம் இருப்பது எம் எழுத்துப் போட்ட டாலர் என்றால், அது மலாயாவில் கிடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்: புறப்படும் முன் குடும்பத்துக்குக் கொடுத்த முன்பணமாகவோ, திரும்பி வந்தபின் கிடைத்ததாகவோ இருக்கலாம். பெட்டியில் பாட் நோட்டு அல்லது பர்மா ரூபாய் ஒன்று கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சேர்க்கை ஒரு பயணத்தைக் காட்டும். மூன்றையும் தனித்தனியாக விற்றால் அந்தத் தடயம் போய்விடும்.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

ஆசாத் ஹிந்த் வங்கி இருந்தது உண்மை. 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கியது. மலாயா, பர்மா தமிழர்கள் நகையும் பணமுமாக அள்ளிக் கொடுத்ததும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளின் மேல் நிற்கும் உணர்ச்சியைப் பயன்படுத்தித்தான் புதிதாக அச்சடித்த தாள்கள் பெரிய விலைக்கு விற்கப்படுகின்றன. யார் குடும்பத்திலிருந்து, எப்படி, யார் கை வழியாக வந்தது என்று எழுத்துபூர்வமாகக் காட்டமுடியாத ஒன்றை வாங்காதீர்கள். புறஊதா விளக்கும் பூதக்கண்ணாடியும் முதல் வடிகட்டி மட்டுமே. இந்த விஷயத்தில் அவற்றை மட்டும் நம்பிப் பணம் போட வேண்டாம்.

ஆக்கிரமிப்பு நோட்டு என்றால் ஜப்பான் நோட்டு மட்டும்தானா?

இல்லை. போரில் ஒரு நாட்டுக்குள் நுழைந்த ஏறத்தாழ எல்லாப் பெரிய படைகளும் நோட்டோடு போயின. நமக்கு மிக அருகில் உள்ளது பர்மாதான். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியபோது, ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ரூபாய் நோட்டுகளில் "பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டுமே செல்லும்" என்ற பொருளில் சிவப்பு நிறத்தில் ஆங்கிலத்தில் மேலச்சிட்டுப் புழங்கவிட்டார்கள். வீட்டில் பழைய ஜார்ஜ் நோட்டு இருந்தால், அந்தச் சிவப்பு வரி உண்டா என்று பாருங்கள். மேலச்சு விஷயத்தில் பிலிப்பைன்ஸ் வாசகத்துக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

ஐரோப்பாவில், நேச நாட்டுப் படைகள் ஜெர்மனியில் புழங்கவிட்ட ராணுவ மார்க் நோட்டு ஒரு நல்ல துப்பறியும் வேலை. அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ் என்ற நிறுவனம் அச்சடித்த நோட்டுகளில், அலங்காரக் கொடிக்குள் பொடியாக எஃப் என்ற எழுத்து ஒளிந்திருக்கும். அச்சுத்தகடுகளின் படிகளைச் சோவியத் யூனியனுக்கும் கொடுத்தார்கள். அவர்கள் அச்சடித்ததில் அந்த எஃப் இருக்காது. வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சிறுகோடு இருக்கும். ஜப்பானிலும் இதே கதை திரும்பியது: போருக்குப் பிறகு அமெரிக்கா வெளியிட்ட பி யென் என்ற ராணுவ நோட்டு, ஒகினாவாவில் 1958 வரை புழங்கியது.

இத்தனை பேர் செத்த காலத்துப் பணத்தைப் பொழுதுபோக்காகச் சேர்ப்பது சரியா?

நியாயமான கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள். நான் சேர்ப்பதற்குக் காரணம், அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பதை நோட்டு நேரடியாகக் காட்டுகிறது என்பதுதான். துப்பாக்கி முனையில் நெல்லைப் பறித்தால் கொள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். அச்சடித்த தாளைக் கொடுத்து எடுத்துக்கொண்டால், அது வியாபாரம்போல இருக்கும். எண் இல்லாத அந்த நோட்டு அப்படி எடுத்துக்கொண்டதற்கான ரசீது.

ஆனால் காட்டும் விதத்தில் ஒரு வரம்பு வேண்டும். வாழைமரமும் கப்பலும் அழகாக இருக்கின்றன என்று சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவதானால், பக்கத்தில் ஆண்டும் இடமும் என்ன நடந்தது என்பதும் நான்கு வரியில் இருக்கட்டும்.

நோட்டில் தாத்தா பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறார். அழித்துவிட்டால் விலை கூடுமா?

அழிக்காதீர்கள். பொதுவாக எழுத்து இருந்தால் தரம் குறையும் என்பது விதி. யாருடைய எழுத்து, என்ன எழுத்து என்பது தெரிந்துவிட்டால் அந்த விதி தளர்ந்துவிடும். போர்வீரர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய நோட்டுகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள்கூட இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர், ஒரு தேதி, பாக்கிக் கணக்கு என்று தமிழில் எழுதிய வாழைமர நோட்டு கிடைத்தால் நான் புதுக்கருக்கு நோட்டைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

அண்ணன் தம்பிகள் பங்கு கேட்கிறார்கள். கட்டைப் பிரிக்கலாமா?

பிரிக்கலாம், ஆனால் அதற்கு முன் சில வேலைகள். கட்டு இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள்; சுற்றியிருக்கும் தாள்பட்டை, நூல், துணி எதையும் தூக்கி எறியாதீர்கள். பிறகு மேலிருந்து வரிசை மாறாமல் ஒவ்வொரு நோட்டின் மதிப்பையும் எழுத்தையும், எண் இருந்தால் எண்ணையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறியுங்கள். நோட்டின் மேல் எதையும் எழுத வேண்டாம்; எழுதுவதை உறையின் மேல், அதுவும் நோட்டை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், இந்தப் பணம் எந்தத் தோட்டத்தில், என்ன வேலைக்கு வந்தது, ஏன் செலவாகாமல் நின்றது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லும்படியே பதிவு செய்யுங்கள். அதன் ஒரு பிரதி ஒவ்வொரு பங்கோடும் போகட்டும். எண் உள்ள நோட்டுகளைப் பொதுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சமமாகப் பிரித்தால் சண்டையும் குறையும்.